ஃபோகஸே இல்லை என்று ஒதுக்கினார்கள்... 48 வயதில் கேமரா தொட்ட ஜூலியா மார்கரெட் கேமரன் யார்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கோ, பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமோ போய்ப் பாருங்கள். கழுத்தில் கேமரா தொங்க நாலு பேராவது நிற்பார்கள். வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஞாயிறு மட்டும் போட்டோ. லென்ஸுக்கு இ.எம்.ஐ. இன்னும் முடிந்திருக்காது.

எடுத்த முந்நூறு படத்தில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து ஏதாவது ஒரு போட்டிக்கு அனுப்புவார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மெயில் வரும். நன்றி சொல்லித் தொடங்கும், தேர்வாகவில்லை என்று முடியும். ஏன் என்று ஒரு வரி இருக்காது. எனக்கும் அப்படி மூன்று மெயில் வந்திருக்கு. மூன்றாவது வந்த அன்னைக்கு கேமராவை பீரோவுக்குள் வைத்தவள், மறுபடி வெளியே எடுக்க ஐந்து மாதம் ஆச்சு.

அந்த ஐந்து மாதத்தில்தான் ஜூலியா மார்கரெட் கேமரனைப் பற்றிப் படித்தேன். 160 வருஷத்துக்கு முன்னால், காரணம் சொல்லியே, அதுவும் பத்திரிகையில் அச்சடித்தே நிராகரிக்கப்பட்டவர். இன்று உலகப் புகைப்பட வரலாற்றை அவர் பெயர் இல்லாமல் எழுத முடியாது. அவருடைய கல்லறை இருப்பது இலங்கையில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் பொகவந்தலாவையில்.

யார் இந்த ஜூலியா?

1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அம்மா வழியில் பிரெஞ்சுக் குடும்பம், பாண்டிச்சேரியோடு தொடர்புடையது. சின்ன வயதில் பெரும்பாலும் பிரான்ஸில் பாட்டி வீட்டில் வளர்ந்து, 1834-இல் இந்தியா திரும்பினார்.

உடம்பு சரியில்லாமல் ஓய்வுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போனபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். போட்டோ என்ற தொழில்நுட்பம் பிறந்த காலத்திலேயே அதில் வேலை செய்தவர், பின்னாளில் அதைப் பற்றி ஜூலியாவுக்குக் கடிதங்களில் சொல்லிக் கொடுத்தவர். இன்னொருவர் சார்ல்ஸ் ஹே கேமரன். சட்ட நிபுணர், ஜூலியாவைவிட 20 வயது மூத்தவர். 1838-இல் கல்கத்தாவில் இவரைத்தான் ஜூலியா மணந்தார்.

சார்ல்ஸின் பெயர் இலங்கை வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1830-களில் இலங்கையின் நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் மாற்றியமைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவரேதான். இலங்கை மேல் இருந்த ஆசையில் அங்கே காப்பித் தோட்டங்களும் வாங்கினார். இந்தத் தோட்டங்கள் கதையில் மறுபடி வரும்.

கோழிக்கூடு ஸ்டுடியோ ஆனது எப்படி?

1848-இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1860-இல் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் வீடு வாங்கினார்கள். பக்கத்து வீடு கவிஞர் டென்னிசனுடையது. தங்கள் வீட்டுக்கு ஜூலியா வைத்த பெயர் டிம்போலா. இலங்கை மலையகத்தில் டிம்புலாவில் இருந்த தங்கள் தோட்டத்தின் பெயர் அது.

1863 டிசம்பர். கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை போயிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு மரப்பெட்டி கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது. முறையாகப் போட்டோ பயின்றவர் இல்லை.

நிலக்கரி போட்டு வைத்த அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்டிருந்த கோழிக்கூட்டை ஸ்டுடியோ ஆக்கினார். கோழிகள் வெளியே போயின, கவிஞர்களும் வேலைக்காரப் பெண்களும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் உள்ளே வந்தார்கள்.

அன்றைக்குப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லியாக வேண்டும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். காய்ந்தால் தகடு வீண். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும். எதிரே உட்கார்ந்தவர் சில நிமிடங்கள்வரை அசையாமல் இருக்க வேண்டும். ஒரு தும்மல் வந்தால் எல்லாம் முதலில் இருந்து.

1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் முகம் ஒரு தகட்டில் ஒழுங்காக வந்தது. அதைத் தன் முதல் வெற்றி என்று படத்திலேயே எழுதி வைத்தார். கேமரா கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

என்ன சொல்லி நிராகரித்தார்கள்?

அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். நல்லா கத்துக்கிட்டு அப்புறம் அனுப்பலாம் என்று காத்திருக்கவில்லை. 1864-லேயே படங்களைக் காப்புரிமைக்குப் பதிவு செய்தார், லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார், அதன் கண்காட்சிக்குப் படம் அனுப்பினார்.

அந்த உலகின் பத்திரிகைகள் அவரை விடவில்லை. படங்கள் ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக இருக்கின்றன, தகட்டில் கோடும் புள்ளியும் கைரேகையும் தெரிகின்றன, அடிப்படை வேலையே தெரியாதவர் என்று எழுதினார்கள். இதில் ஒரு பெண் என்பதற்காக நாசூக்காகக் குத்திய வரிகளும் உண்டு. சொசைட்டியின் பரிசுகள் மற்றவர்களுக்குப் போயின.

ஏன் இவ்வளவு கோபம்? அன்றைய சொசைட்டியில் வேதியியல் தெரிந்தவர்களும் தொழில்முறைக் கலைஞர்களும் நிறைய. அவர்களுக்குப் போட்டோ என்றால் துல்லியம். சட்டைப் பொத்தான்வரை தெளிவாகத் தெரிய வேண்டும், தகடு சுத்தமாக இருக்க வேண்டும். ஊரெங்கும் அப்போது பிரபலமாக இருந்தது விசிட்டிங் கார்டு அளவுப் படங்கள். தலை முதல் கால்வரை, திரைச்சீலை முன்னால் விறைப்பாக ஒரு ஆள். ஜூலியா கொண்டு வந்ததோ பெரிய தகடு முழுக்க ஒரு முகம். பின்னணி இருட்டு. கண் தெளிவு, காது மங்கல். அவர்களின் அளவுகோலில் இது தோற்ற படம்தான்.

தப்பா, முடிவா?

இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். விமர்சகர்கள் சொன்னதில் பாதி உண்மை. அவருடைய முதல் லென்ஸ் பெரிய துளை கொண்டது. அதில் ஃபோகஸ் விழும் ஆழம் மிகக் குறைவு. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் உட்காரும்போது கொஞ்சம் அசைவார். கைரேகையும் விரிசலும் பல நேரம் விபத்துதான்.

ஆனால் மங்கலை அவர் சரிசெய்யாமல் விட்டது விபத்து இல்லை. லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது, கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், மற்றவர்கள் கேட்கும் கூர்மைவரை போவதில்லை என்றும் தன் நினைவுக்குறிப்பில் சொல்லியிருக்கிறார். எது சரியான ஃபோகஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை என்று ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்திலேயே கேட்டார்.

இன்று நம் போனில் போர்ட்ரெய்ட் மோடு என்று ஒரு பட்டன் இருக்கிறது. முகத்தைத் தெளிவாக வைத்து மற்றதை மென்மையாக மங்கலாக்கும். அன்று குறை என்று எழுதப்பட்ட ஒன்றை, இன்று சாஃப்ட்வேர் வைத்து வரவழைக்கிறோம்!

நிராகரிப்பை எப்படிச் சமாளித்தார்?

அவர் வாழ்க்கையைப் பார்த்தால் நாலு விஷயம் தெரிகிறது.

முதலாவது, கதவை மாற்றிப் பார்த்தார். ஒரு சொசைட்டி ஒதுக்கியதும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1865-இல் டப்ளின் சர்வதேசக் கண்காட்சிக்கு அனுப்பினார், பாராட்டுக் குறிப்பு கிடைத்தது. அதே ஆண்டு பெர்லினில் வெண்கலப் பதக்கம், 1866-இல் அதே பெர்லினில் தங்கம். போட்டோ பத்திரிகைகள் திட்டிய அதே படங்களை ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் ரசித்தார்கள். லண்டனின் கோல்நாகி என்ற கலைக்கூடம் அவர் படங்களை வைத்து விற்றது. தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி கோல் 1865-இல் படங்களை வாங்கினார், 1868-இல் ஸ்டுடியோவுக்காக இரண்டு அறைகளே கொடுத்தார். இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் அதுதான்.

இரண்டாவது, எந்தக் குறையைத் திருத்துவது, எதைத் திருத்தக் கூடாது என்று பிரித்தார். 1866-இல் இன்னும் பெரிய கேமராவும் புது லென்ஸும் வாங்கினார். அதை வைத்துக் கூர்மையான படங்களுக்குத் தாவவில்லை, முகங்களை இன்னும் நெருங்கிப் போனார். அதே சமயம், நெகட்டிவ்களில் விரிசல் விழுந்து படங்கள் கெடத் தொடங்கியபோது, தன்னைக் கிண்டல் செய்த அதே சொசைட்டிக்கே 1869-இல் கொண்டுபோய் யோசனை கேட்டார். ரசனையில் விட்டுக்கொடுக்கவில்லை, வேதியியலில் ஈகோ பார்க்கவில்லை.

மூன்றாவது, நிறைய எடுத்தார். சுமார் 15 வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். டென்னிசன், சார்ல்ஸ் டார்வின், தாமஸ் கார்லைல், 1867-இல் வெள்ளைத் தலைமுடி பறக்கும் ஹெர்ஷல் என்று அந்தக் காலத்து முகங்கள் நமக்கு நினைவில் இருப்பது இவர் எடுத்த படங்களால்தான். வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரை மாதாவாக உட்கார வைத்து எடுத்த படங்களும் அதே அளவு புகழ் பெற்றவை.

நாலாவது கொஞ்சம் கசப்பானது. அவருக்கு வசதி இருந்தது. பக்கத்து வீட்டில் டென்னிசன், கடிதம் எழுத ஹெர்ஷல், மியூசியத்தில் கோல். நிராகரிப்பைத் தாங்கும் மெத்தை அது. எல்லாருக்கும் அது கிடைக்காது.

அதற்கு நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கு. லின்னேயஸ் டிரைப், மதராஸ் படையில் அதிகாரி. ஆர்வத்தில் போட்டோ கற்றுக்கொண்டு மதராஸ் அரசின் புகைப்படக்காரர் ஆனவர். 1858-இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றி அவர் எடுத்த கோயில், அரண்மனைப் படங்கள் இன்று பொக்கிஷம். ஆனால் ஆளுநர் டிரெவெல்யன் வந்ததும், அரசின் நிதி நிலைக்கு இது ஆடம்பரம் என்று திட்டத்தையே நிறுத்தினார். டிரைப் அதன் பிறகு கேமராவை ஏறக்குறைய விட்டேவிட்டார். படம் மோசம் என்று யாரும் சொல்லவில்லை, பட்ஜெட் இல்லை என்றார்கள். இரண்டுமே நிராகரிப்புதான். ஆனால் இரண்டாவது, படத்தின் தரத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

ஏன் இலங்கைக்கு வந்தார்?

பணம். ஜூலியா படங்களை விற்றார், ஆனால் செலவுக்கு ஈடாக வரவில்லை. குடும்பத்தின் வருமானம் இலங்கைக் காப்பியை நம்பி இருந்தது. 1869 முதல் இலங்கைக் காப்பிச் செடிகளை இலைத்துரு என்ற பூஞ்சை நோய் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து அந்த மலைகளில் தேயிலை வந்ததும் அந்த நோயால்தான்.

1874-இல் டென்னிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்காகப் படங்கள் எடுத்தார். ஒரு டஜன் நல்ல படத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகளைச் செலவழித்தார். புத்தகத்தில் அவை மர அச்சுச் செதுக்கலாகச் சுருங்கி வந்தன. பார்த்துவிட்டு, பெரிய அளவில் தானே ஒரு பதிப்பைக் கொண்டு வந்தார். அதுவும் பணம் கொட்டவில்லை.

1875-இல் கணவரும் அவரும் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். மகன்கள் அங்கே இருந்தார்கள். கூடவே ஒரு பசுவையும், அங்கே கிடைக்காமல் போய்விடலாம் என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். களுத்துறையில் கடலோரமாகக் குடியேறினார்கள்.

அங்கே கேமரா மெதுவாகத்தான் இயங்கியது. வெயிலும் புழுக்கமும் ஈரத்தகட்டு முறைக்கு எதிரி. படம் வாங்க ஆளும் இல்லை. இலங்கையில் எடுத்ததில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இருப்பவர்கள் களுத்துறைக் கிராமத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். அந்தக் காலத்தில் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களில் இருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போன நம்ம ஜனங்கள் அந்த மலைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அந்தப் படங்களில் ஒன்று மனசை விட்டுப் போகாது. ஒரு முதியவரும் இளம் வயதினரும் நிற்கிற படம். பெண்ணுக்கு 12 வயது, முதியவர் தனக்கு நூறு வயது என்று சொல்கிறார் என்று ஜூலியா குறித்திருக்கிறார். வயது இருக்கிறது, பெயர் இல்லை. இங்கிலாந்தில் எடுத்த படத்தில் ஆனி, டார்வின், மேரி ஹில்லியர் என்று எல்லாருக்கும் பெயர் உண்டு. வேலைக்காரப் பெண்ணுக்குக்கூட உண்டு. இங்கே அவர்கள் விவசாயிகள் மட்டும். தன் படங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பத்து வருஷம் வருந்தியவர், தன் எதிரே நின்றவர்களின் பெயரைக் கேட்டு எழுதவில்லை. நிராகரிப்பில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது.

இறந்த பிறகு என்ன ஆச்சு?

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். வயது 63. பொகவந்தலாவை செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கணவரும் பக்கத்திலேயே.

அவர் பாதியில் விட்ட நினைவுக்குறிப்பு 1889-இல்தான் அச்சானது. 1913-இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய கேமரா ஒர்க் இதழ் அவர் படங்களை வெளியிட்டது. 1926-இல் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப், ராஜர் ஃப்ரையோடு சேர்ந்து ஒரு தொகுப்பு கொண்டு வந்தார். ஜூலியா அவருக்குப் பாட்டி முறை, அதாவது அவருடைய அம்மாவின் பெரியம்மா. 2015-இல் 200-வது பிறந்த ஆண்டுக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் பெரிய கண்காட்சி நடத்தியது.

அவரை வறுத்தெடுத்த லண்டன் சொசைட்டி என்ன ஆச்சு என்கிறீர்களா? அதுதான் இன்றைய ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி. பின்னாளில் அதன் சேகரிப்பிலேயே ஜூலியாவின் படங்கள் நூற்றுக்கணக்கில் பத்திரமாக இருந்தன. 2017-இல் அந்தச் சேகரிப்பு மியூசியத்துக்கு மாறியது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

நிராகரித்தவர்கள் எல்லாம் முட்டாள்கள், நாம்தான் மேதை என்று எடுத்துக்கொண்டால் தப்பு. ஜூலியாவைப் போல ஒதுக்கப்பட்டு, நியாயமாகவே மறக்கப்பட்ட ஆயிரம் பேர் இருப்பார்கள். என்னுடைய மூன்று படத்தில் இரண்டை இப்போது பார்த்தால் நானே தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு மெயில் வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் தேடியது எதை, நான் அனுப்பியது எதை? குறை என் கைத்திறமையிலா, இல்லை என் ரசனையிலா? திறமை என்றால் ஜூலியா மாதிரி நெகட்டிவ்வைத் தூக்கிக்கொண்டு தெரிந்தவரிடம் போகலாம். ரசனை என்றால் வேறு கதவைத் தட்டலாம். மூன்றாவது, இந்தப் பதிலைக் கேட்டு நான் கேமராவைப் பீரோவில் வைக்கப் போகிறேனா?

போன வாரம் நான் என் கேமராவை வெளியே எடுத்தேன். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில், காலை ஷிஃப்டுக்கு இறங்கும் கூட்டத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஒரு அக்காவை எடுத்தேன். கை கொஞ்சம் ஆடிவிட்டது, கிளாஸ் மங்கல், முகம் தெளிவு. அடுத்த போட்டிக்கு அதைத்தான் அனுப்பப் போகிறேன். அக்காவிடம் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.